ஜன்னலுக்கு வெளியே பீன்யா

ஹோட்டல் தொழிலில் 'வ்யூ' என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் ஒரு பொருள், ஊருக்கு ஊர் ஒரு விலை. கன்னியாகுமரியில் அது சூரிய உதயம். கொடைக்கானலில் பள்ளத்தாக்கு. மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் மொட்டைமாடிக்கு ஏறினால் தெரியும் மீனாட்சி கோயில் கோபுரம். பெங்களூரில் வெகுகாலம் அது பசுமைதான். 1887-ல் பிரான்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பத்து அறைகளோடு தொடங்கிய விடுதி பின்னாளில் வெஸ்ட் எண்ட் ஹோட்டலாக வளர்ந்தபோது, வந்தவர்களுக்கு அது காட்டியது மரங்களையும் குதிரைப் பந்தய மைதானத்தையும்.

பீன்யாவில் மரமும் இல்லை, பந்தயக் குதிரையும் இல்லை. நகரின் வடமேற்கே தும்கூர் சாலையை ஒட்டிக் கிடக்கும் இந்தத் தொழிற்பேட்டையில் ஏழாவது மாடி சூட் ஒன்றின் திரையை விலக்கினால் தெரிவது இதுதான்: கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகள், நடுநடுவே தண்ணீர்த் தொட்டிகள், புகைபோக்கிகள், லாரிகள், தூண்கள் மேல் ஓடும் மெட்ரோ ரயில், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசைத் தூண்கள் மேல் ஓடும் மேம்பாலம். இதற்கும் 'சிட்டி வ்யூ' என்று பெயர். கூடுதல் கட்டணமும் உண்டு.

சேலத்திலிருந்து காரில் கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவருக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், பத்தாவது படிக்கும் மகன், முழங்கால் வலியோடு பாட்டி. ஐந்து பேர். ஜனவரி மாதம், பெங்களூர் சர்வதேசக் கண்காட்சி மையத்தில் இயந்திரக் கருவிகளின் கண்காட்சி. 2007-ல் திறக்கப்பட்ட இந்த மையம் தும்கூர் சாலையில்தான் இருக்கிறது. அதை நடத்துவது இந்திய இயந்திரக் கருவி உற்பத்தியாளர்கள் சங்கம். ஒரு சி.என்.சி. மெஷினைப் பார்த்து விலை பேச வேண்டும் என்பது கணவரின் திட்டம். அப்படியே இஸ்கான் கோயில், மால், மெட்ரோ என்று பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறை என்பது மனைவியின் திட்டம். கோவையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இதே காரணத்துக்காக, இதே கணக்கோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஓசூர் சாலையை விட்டு நைஸ் ரோட்டில் திரும்பி, சுங்கத்தைக் கட்டிவிட்டால், நகரத்துக்குள் கால் வைக்காமலே தும்கூர் சாலையில் போய் இறங்கிவிடலாம். பெங்களூரின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து மிரண்ட தமிழ்நாட்டுக் கார்களுக்கு பீன்யா பிடித்துப்போனதற்கு இதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம் யஷ்வந்த்பூர் ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பது.

முன்பெல்லாம் இப்படி வருகிறவர்கள் ஹோட்டலைத் தேட மாட்டார்கள். ஸ்ரீராமபுரத்திலோ ஜாலஹள்ளியிலோ ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். எச்.எம்.டி.யிலோ பி.இ.எல்.லிலோ வேலை. குவார்ட்டர்ஸின் கூடத்தில் பாயை விரித்தால் ஏழு பேர் படுக்கலாம். எச்.எம்.டி. 1953-ல் ஜாலஹள்ளியில் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். கல்யாண மாப்பிள்ளைக்கு அதன் கைக்கடிகாரத்தைப் போடாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் குறைவு. கடிகாரப் பிரிவை மூடுவதென்று மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. சித்தப்பா ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டார் அல்லது மகனோடு இரண்டு அறை ஃபிளாட்டில் இருக்கிறார். அங்கே ஐந்து பேர் போய் இறங்குவது இரண்டு தரப்புக்கும் சங்கடம். "ஹோட்டலிலேயே தங்கிடறோம், சாப்பிட மட்டும் வர்றோம் சித்தி" என்று போனில் சொல்வது இப்போது மரியாதைக் குறைவு இல்லை, மரியாதையே அதுதான்.

அடுத்த கேள்வி: இரண்டு ரூமா, ஒரு சூட்டா? (ஆங்கிலேயர்கள் இதை 'ஸ்வீட்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படிக் கேட்டால் லட்டு வரும் என்பதால் 'சூட்' என்றே நிலைத்துவிட்டது.) ஒரு படுக்கையறை, அதற்கு முன்னால் சோபா போட்ட ஒரு சின்ன ஹால், இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. சூட் என்பது இவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவுக்கு இந்தியக் குடும்பத்தில் பெரிய மதிப்பு. பாட்டி எட்டரை மணிக்கே தூங்கிவிடலாம். பையன் ஹாலில் கிரிக்கெட் பார்க்கலாம். வயதுக்கு வந்த மகளைத் தனி ரூமில், அதுவும் வேறு மாடியில் விட மனசு வராத அம்மாவுக்கு எல்லோரும் ஒரே பூட்டுக்குள் இருப்பது நிம்மதி.

இந்த நிம்மதிக்கு அரசாங்கம் தனியாக ஒரு விலை வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ஹோட்டல் அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். தலா 4,000 ரூபாயில் இரண்டு ரூம் எடுத்தால் வரி 400 ரூபாய், மொத்தம் 8,400. அதே 8,000 ரூபாய்க்கு ஒரு சூட் எடுத்தால் வரி 1,440, மொத்தம் 9,440. ஹோட்டலுக்குப் போகும் பணம் ஒன்றே. கூடுதலாகப் போகும் 1,040 ரூபாய் அந்த நடுக்கதவுக்கான வரி.

7,500 என்ற கோட்டின் அருகில்தான் பெரிய வேடிக்கை. 7,500 ரூபாய் சூட்டுக்கு வரியோடு சேர்த்து 7,875. "இன்னும் நூறு ரூபாய் சேர்த்தால் வ்யூ பக்கம் தரலாம் சார்" என்று ரிசப்ஷனில் புன்னகையோடு சொன்னால் அது நூறு ரூபாய் விஷயம் இல்லை. 7,600-க்கு வரி 1,368, பில் 8,968. ஜன்னல் திசை மாறியதற்கு 1,093 ரூபாய். இதில் ஹோட்டலுக்குக் கிடைப்பது நூறே நூறு. வரி கணக்கிடப்படுவது உண்மையில் வாங்கும் வாடகை மேல்தான், சுவரில் மாட்டியிருக்கும் கட்டண அட்டையின் மேல் அல்ல. எனவே 7,600 சொல்கிறவரிடம் 7,500-க்கு பேரம் பேசுவது கஞ்சத்தனம் ஆகாது. பட்டறை வைத்திருக்கிறவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை.

வசதியாகத் தங்குகிறவரை ஒரு கோடு போட்டுப் பிடிப்பது டெல்லிக்குப் புதிதல்ல. 1987-ல் வந்த செலவு வரிச் சட்டம் அந்தக் கோட்டை 400 ரூபாயில் போட்டது. நாள் வாடகை 400 ரூபாய் ஆகும் ஹோட்டலில் செய்யும் செலவெல்லாம் ஆடம்பரம் என்று அன்று கருதப்பட்டது. இன்று பீன்யாவின் பின்தெருக்களில் இருக்கும் லாட்ஜில்கூட அந்தப் பணத்துக்கு அறை கிடைப்பது கஷ்டம். ஜி.எஸ்.டி. தொடங்கிய 2017 ஜூலையில் மேல்தட்டு அறைகளுக்கு 28 சதவீதம் இருந்தது. 2019 அக்டோபரில் 18 ஆனது. விகிதம் குறைந்ததே தவிர, 7,500 என்ற கோடு விலைவாசியோடு சேர்ந்து நகரவில்லை. கண்காட்சி வாரத்தில் அறைகளுக்கு அடிதடி நடக்கும்போது சாதாரண ரூமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

அதன் விளைவு இட்லி வரை வருகிறது. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையையாவது 7,500-க்கு மேல் விற்ற ஹோட்டல் என்றால், அங்கேயே இருக்கும் உணவகத்தில் 18 சதவீத வரி. இல்லையென்றால் 5 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் இதுதான் விதி. போன ஜனவரியில் யாரோ ஒரு ஜெர்மன் இன்ஜினியர் அவசரத்துக்கு எடுத்த ஓர் அறைக்காக, இந்த ஆண்டு சேலத்துப் பாட்டியின் 200 ரூபாய் இட்லிக்கு 10 ரூபாய்க்குப் பதில் 36 ரூபாய் வரி. சாலையைக் கடந்தால் தர்ஷினி ஒன்று இருக்கும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், முழங்கால் ஒத்துழைக்காது.

கணக்கு போதும். காசு கொடுத்தாயிற்று, திரையை விலக்கிப் பார்க்கலாம்.

அந்தக் கூரைகளைப் போன்ற ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளின் கீழேதான் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் உருவானது. 1972-ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது: செயற்கைக்கோளை இந்தியா செய்ய வேண்டும், அவர்கள் ஏவித் தருவார்கள். யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவுக்கு அப்போது கட்டடம்கூட இல்லை. திருவனந்தபுரத்தில் ராக்கெட் வேலைக்கு ஆள் இருந்தது. ஆனால் நுட்பமான பாகங்கள் செய்ய எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல். உள்ள பெங்களூர்தான் தோது. புதிதாக உருவாகிக்கொண்டிருந்த பீன்யா தொழிற்பேட்டையில் சிறுதொழில்காரர்களுக்கென்று கட்டிய ஷெட்கள் சில காலியாக இருந்தன. அவற்றை வாங்கி, உள்ளே தூசி புகாத அறை அமைத்து, பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்களை வைத்து, இரண்டரை ஆண்டுகளில் 360 கிலோ எடையுள்ள ஆர்யபட்டாவைச் செய்து முடித்தார்கள். 1975 ஏப்ரல் 19 அன்று அது விண்ணுக்குப் போனது. செயற்கைக்கோளிலிருந்து வரும் தகவல்களைப் பெற பெங்களூரில் இடம் போதாமல் ஒரு கழிவறையையே தரவு மையமாக மாற்றியதை ராவ் பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். மின்சாரக் கோளாறால் சில நாட்களிலேயே அதன் ஆய்வுக் கருவிகள் நின்றுபோயின என்பதும் உண்மை. ஆனால் பழைய இரண்டு ரூபாய் நோட்டின் பின்புறம் அதன் படம் வந்தது. பாட்டியின் சுருக்குப் பையில் எத்தனை முறை அது போய் வந்திருக்கும்.

அப்போது தொடங்கிய உறவு விடவில்லை. செயற்கைக்கோள்களைக் கண்காணித்துக் கட்டளையிடும் இஸ்ரோவின் 'இஸ்ட்ராக்' மையம் இன்றும் பீன்யாவில்தான் இருக்கிறது, தொழிற்பேட்டையின் இரண்டாவது ஸ்டேஜில். (தொலைவிண்வெளியோடு பேசும் 32 மீட்டர் பிரம்மாண்ட ஆன்டெனா இங்கே இல்லை. அது நகரத்துக்கு வெளியே பியாலாலு கிராமத்தில் இருக்கிறது. ஜன்னலில் தேட வேண்டாம்.) 2014 செப்டம்பர் 24 காலை, மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்த புகைப்படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்ததே, அது எடுக்கப்பட்டது இந்த வளாகத்தில். 2019 செப்டம்பர் 7 பின்னிரவில் சந்திரயான்-2-ன் லேண்டரோடு தொடர்பு அறுந்து, காலையில் பிரதமரின் தோளில் சாய்ந்து கே. சிவன் அழுததும் இங்கேதான். குமரி மாவட்டத்துச் சரக்கல்விளைக்காரரின் அந்தக் கண்ணீரை நாடே டி.வி.யில் பார்த்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல். அவரும் பேசியது பீன்யாவிலிருந்துதான். பெங்களூரைச் சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்கள் விதான சௌதாவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. பீன்யாவை டாக்ஸியில் தூங்கிக்கொண்டே கடக்கின்றன.

பத்தாவது படிக்கும் பையனுக்கு இது போதும். அவன் ஜன்னலை விட்டு நகர மாட்டான். மகள் பார்ப்பது வேறாக இருக்கக்கூடும்.

காலையில் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் சாலை முழுக்கப் பெண்கள். கையில் டிபன் பை, சுடிதார் மேல் ஒரு ஸ்வெட்டர், வேக நடை. பீன்யாவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2016-ல் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது: வேலையை விட்டால், வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது. ஆறு வருஷம் தையல் மெஷினில் குனிந்துவிட்டு, கண்ணும் முதுகும் போய், அந்தப் பணத்தை நம்பி வெளியேறும் பெண்ணுக்கு 58 என்பது இன்னொரு ஜென்மம். ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மறுநாள் ஜாலஹள்ளி கிராஸில் தும்கூர் சாலையும் நின்றுபோனது. கல்வீச்சு, தடியடி, எரிந்த பேருந்துகள். பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைக்காமல், தலைவர் என்று ஒருவரும் இல்லாமல் திரண்ட கூட்டம் அது. ஏப்ரல் 19 மாலைக்குள் டெல்லி விதியை வாபஸ் வாங்கியது. ஆர்யபட்டா ஏவப்பட்ட அதே தேதி, 41 ஆண்டுகள் கழித்து. அன்று இந்த ஜன்னலில் நின்றிருந்தவர்களுக்குக் கொடுத்த காசுக்கு நல்ல காட்சி கிடைத்திருக்கும். செக்-அவுட் செய்து வெளியேறத்தான் வழி இருந்திருக்காது.

மேம்பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. கட்டிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன நிலையில், 2021 டிசம்பரில், இரண்டு தூண்களுக்கு இடையே பாலத்தை இழுத்துப் பிடிக்கும் கேபிள்கள் பழுதானது தெரிந்து ஒரேயடியாக மூடினார்கள். 2022 பிப்ரவரியில் கார்களை விட்டார்கள். லாரிகள் மறுபடி ஏற 2024 ஜூலை ஆயிற்று. தொழிற்பேட்டையின் நடுவே உள்ள பாலத்தில் இரண்டரை ஆண்டு லாரி போகக் கூடாது என்றால் கீழே சாலை எப்படி இருந்திருக்கும் என்பதை பீன்யாக்காரர்களிடம் கேட்காமலிருப்பதே நல்லது. பெங்களூர் பேருந்து நெரிசலைக் குறைக்கவென்று 2014-ல் திறந்த பீன்யா பேருந்து நிலையமும் இங்கே இருக்கிறது. பெரிய கட்டடம். பயணிகள்தான் வரவில்லை.

ஒன்று கவனிக்கலாம். இந்த ஜன்னல் திறக்காது. நட்சத்திர ஹோட்டல்களில் எங்குமே பெரும்பாலும் திறப்பதில்லை; ஏ.சி.க்கும் பாதுகாப்புக்கும் அது வழக்கம். பீன்யாவில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, கடுமையாக மாசடைந்த இடங்களின் பட்டியலில் பீன்யாவும் இருந்தது. முலாம் பூசும் பட்டறைகளின் குரோமியம் நிலத்தடி நீர்வரை இறங்கியிருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த சேதி. இரட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரூம் ஃப்ரெஷ்னர் வாசனை. அந்தப் பக்கத்து ஷெட்டில் அமிலத் தொட்டிக்கு முன்னால் நிற்கிறவருக்குக் கண்ணாடி கிடையாது.

தண்ணீருக்கும் இதில் தொடர்பு உண்டு. சூட் என்றால் குளியல் தொட்டி இருந்தாக வேண்டும் என்பது ஹோட்டல்காரர்களின் நம்பிக்கை. ஒரு தொட்டி நிறைய 150 முதல் 200 லிட்டர் வரை பிடிக்கும். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், பாட்டிக்கோ அதன் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பதே ஆபத்து. (வயதானவர்கள் உண்டென்றால் ஷவர் மட்டும் உள்ள அறையா என்று முன்பே போனில் கேட்டுவிடுவது நல்லது. இந்த ஒரு கேள்வியை மறந்து, மூன்று நாளும் பாட்டியை பக்கெட்டில் குளிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. சூட்டில் பக்கெட் கேட்டால் வரும் பார்வை தனி.) 2024 மார்ச்சில் பெங்களூரில் ஆழ்குழாய்கள் வற்றியபோது குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. டேங்கர் லாரிக்காக பீன்யாவைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் காத்துக் கிடந்தன. குளியல் தொட்டிக்கு அபராதம் எதுவும் அறிவிக்கப்படவில்லை.

சரி, 'ஏரி தெரியும்' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு பக்கத்துக் கட்டடத்தின் ஏ.சி. மெஷினைக் காட்டினால்? சும்மா வர வேண்டியதில்லை. தவறான விளம்பரமும் முறையற்ற வணிகமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம்: ஹோட்டல் பெங்களூரில் இருந்தாலும், சேலத்துக்காரர் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். தேவைப்படுவது பதிவு செய்தபோது திரையில் தெரிந்த வாசகத்தின் நகலும், ஜன்னலில் நின்று எடுத்த ஒரு புகைப்படமும். மகளிடம் சொன்னால் இரண்டையும் எடுத்து வைத்துவிடுவாள்.

பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு வரி இருந்தால், அது வரி அல்ல. கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச் 28 அன்று உறுதி செய்தார். உணவக சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் சட்டம் ஹோட்டல் பக்கம். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது: அங்கே விற்கப்படுவது தண்ணீர் மட்டுமல்ல, நாற்காலியும் உபசரிப்பும் சேர்த்துத்தான் என்று வாதம். சேலத்திலிருந்து கிளம்பும்போதே டிக்கியில் இருபது லிட்டர் கேன் ஏற்றி வருகிறவர்களை இந்தத் தீர்ப்பு பாதிக்காது.

காருக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1998-ல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் மாருதி ஜென்னில் வந்தவர் சாவியை வாலே பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது காரை வேறொருவர் ஓட்டிப் போயிருந்தார். 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறதே என்றது ஹோட்டல். வழக்கு 21 ஆண்டுகள் நடந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது ஹோட்டல்தான், அச்சடித்த ஒரு வரி அதைக் காப்பாற்றாது. டோக்கனைத் தொலைக்காமலிருந்தால் போதும்.

அந்தக் கார் இரண்டு நாளுக்கு ஹோட்டலிலேயே நிற்கலாம். பீன்யா இண்டஸ்ட்ரி வரை மெட்ரோ வந்தது 2014 மார்ச்சில். 2015-ல் நாகசந்திரா வரை, 2024 நவம்பரில் கண்காட்சி மையத்தின் பக்கத்திலேயே மாதாவரா வரை நீண்டது. தூண்களின் மேல் ஓடுவதால் வழியெல்லாம் அதே கூரைகள், அதே புகைபோக்கிகள், அதே லாரிகள். கணவர் மெஷின் பார்க்கப் போகும்போது பையனும் கூடப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளலாம். டிக்கெட் விலையில் 'வ்யூ'வும் அடக்கம்.